மாப்ளையின் ஒன்றரை, மச்சானின் பதினொன்று

போடிமெட்டுத் தோட்டம்
18 ஆகஸ்ட் 2024

அன்பு மாப்ளே அழகுராஜாவுக்கு,

மச்சான் தவசி எழுதுவது. நானும் உன் அக்காவும் நன்றாக இருக்கிறோம். மழைக்குத்தான் புத்தி சரியில்லை. ஒரு நாள் கொட்டுகிறது, நாலு நாள் காணாமல் போகிறது. நீ சுகமா? உன் வீட்டுக்காரி வித்யாவின் முழங்கால் வலி தேவலையா?

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நீ கேட்க மாட்டாய். போன மாதம் நாம் இருவரும் போட்ட சத்தத்தில், டவர் கிடைக்கும் அந்த வளைவில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் எல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கே உன் அக்கா அன்னக்கொடி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசாதீக. எழுதிக்கங்க. எழுதுறப்பயாச்சும் கொஞ்சம் யோசிப்பீக." மலைச்சாமி தினமும் ஆள் ஏற்ற ஜீப்பை எடுத்துக்கொண்டு போடிக்கு இறங்குகிறான். கடிதத்தை உன் கையிலேயே கொடுப்பான். பதிலையும் அவனிடமே கொடுத்துவிடு.

தேவாரம் ஊரில் இருந்த உங்கள் குடும்ப நிலத்தை விற்றதில் அக்கா பங்குக்கு எட்டு லட்சம் வந்தது. அதை நான் சொட்டுநீருக்கும் புதுச் செடிக்கும் கேட்டேன். இந்தக் கோடையில் என் ஏலச்செடி பாதி கருகிப்போனது ஊருக்கே தெரியும். நீ குறுக்கே புகுந்து, அக்காவுக்கென்று தனியாக ஒரு வருமானம் வேண்டும் என்று பேசி, தென்முனை ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் ஆயிரம் பங்கு வாங்கிக் கொடுத்தாய். செத்தால் காசு வரும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி பாலிசி பிடிக்கிறவன், உயிரோடு இருப்பவளுக்கும் இன்சூரன்சிலேயே காசு தேடியிருக்கிறாய். சரி, அதை விடு.

நேற்று வளைவுக்குப் போனபோது அவள் போனில் குறுஞ்செய்தி வந்தது. வரி போக எட்டாயிரத்து நூறு ரூபாய் டிவிடெண்டு. உன் அக்கா அந்த இடத்திலேயே நின்று நாலு தடவை படித்தாள். "என் தம்பி போட்ட பணம்ங்க!" என்றாள். காய் எடுக்க வந்த பெண்களிடம் எல்லாம் காட்டினாள். "சேச்சிக்கு லாட்டரி" என்று அவர்களும் கூடிவிட்டார்கள்.

எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இருபத்தாறு வருஷமாக அவளுக்கு நான், எனக்கு அவள். இத்தனை வருஷத்தில் ஏலக்காய் விற்று லட்சக்கணக்கில் கொண்டுவந்து அவள் மடியில் போட்டிருக்கிறேன். ஒரு நாளும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை மாப்ளே. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை, எழுதியே விட்டேன்.

வித்யாவுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தவசி

•

போடி
24 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

அழகுராஜாவின் வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். வித்யா படி ஏறும்போது மட்டும் முருகனைக் கூப்பிடுகிறாள். உங்களுக்கு இருமல் விட்டதா? அக்கா சாப்பாட்டைக் குறைக்காமல் சாப்பிடுகிறாளா?

உங்கள் வயிற்றெரிச்சலுக்கு மருந்து என்னிடம் இல்லை. கணக்கு மட்டும் இருக்கிறது. பங்கு ஒன்று எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினோம். வருஷத்துக்குப் பங்குக்குப் பன்னிரண்டு ரூபாய் தருகிறார்கள், ஆகஸ்டில் ஒன்பது, பிப்ரவரியில் மூன்று. அதாவது நூற்றுக்கு ஒன்றரை. பேங்கில் போட்டால் ஏழு கிடைக்குமே என்று நீங்கள் மீசையை முறுக்குவது இங்கே தெரிகிறது. பேங்கின் ஏழு என்றைக்கும் அதே ஏழுதான், போட்ட பணமும் அப்படியே கிடக்கும். நல்ல காப்பீட்டுக் கம்பெனி அப்படியில்லை. பிரீமியத்தை முன்னாலேயே வாங்கிவிடுகிறார்கள், கிளெய்ம் பின்னால்தான் வருகிறது. நடுவில் அந்தப் பணம் அவர்களுக்கு உழைக்கிறது. கம்பெனி வளர வளர டிவிடெண்டும் கூடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனி பங்குக்கு ஐந்து ரூபாய்தான் கொடுத்தது. அக்காவுக்கு ஐம்பது வயது. எழுபதில் அவள் யாரையும் எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும் என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

நீங்கள் இல்லாமல் போனால் என்ற அர்த்தத்தில் எழுதவில்லை. உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும், அதனால் சொல்லிவைக்கிறேன்.

ஏல மையத்துக்கு வாரம் தவறாமல் வருகிறீர்கள். நாலு தெரு தள்ளி இருக்கும் என் வீட்டுக்கு ஒரு எட்டு வந்தால் என்ன?

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அழகுராஜா

•

போடிமெட்டுத் தோட்டம்
6 நவம்பர் 2024

அன்பு மாப்ளேக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்ததா? வித்யா சுட்ட அதிரசம் மலைச்சாமி கையில் வந்து சேர்ந்தது. பாதியை வழியிலேயே அவன் தின்றுவிட்டான், மீதி அருமை. நாங்கள் சுகம். எனக்கு மட்டும் சளி, காரணம் கீழே.

உன் அக்கா அந்த டிவிடெண்டில் எனக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கியிருக்கிறாள். பச்சை நிறம், உள்ளே கம்பளித் துணி, தலைக்குத் தொப்பி. பூப்பாறைக் கடையில் மூவாயிரம் ரூபாய் என்றாள். "போட்டுப் பாருங்க" என்று தீபாவளி காலையில் நீட்டினாள். நான் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்தில் நாலு ஆள் முன்னால், "யாரு வாங்குனது அண்ணே?" என்று ஒருத்தன் கேட்பான். பெண்டாட்டி வாங்கியது என்று சொல்லலாம். பெண்டாட்டிக்கு ஏது காசு என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு உன் பேரைச் சொல்ல வேண்டும். ஆணியில் மாட்டிவிட்டு நனைந்துகொண்டே போனேன். மூன்று நாளாகத் தும்மல்.

"ஏன் போடல?" என்று அவள் கேட்டாள். வேர்க்கிறது என்றேன். போடிமெட்டில், ஐப்பசியில்.

நான் காய் எடுக்கிறவன் மாப்ளே. நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு எடுப்பு. பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, தரம் பிரித்து, மூட்டை கட்டி ஏலத்துக்கு இறக்கினால்தான் எனக்குக் காசு. உன் பங்கு தூங்குகிறது, உன் அக்கா தூங்குகிறாள், காசு வருகிறது. இது நியாயமா என்று நீயே சொல்.

வித்யா உடம்புக்கு இந்தக் குளிர் ஆகாது, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

தவசி

•

போடி
20 நவம்பர் 2024

மச்சானுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் சளிக்கு மிளகும் ஓமவல்லியும் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

மழைக்கோட்டு விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். சிரிப்பதற்காகத்தான் எழுதியிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த எட்டு லட்சத்தை எங்கே போடுவது என்று மூன்று மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்த்தது நான். பத்துக் காப்பீட்டுக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் படித்தேன். கண்ணாடி மாற்ற வேண்டியதாயிற்று. பங்கு வைக்கும் டீமேட் கணக்குத் திறக்கப் பங்குத் தரகர் கார்த்தியின் அலுவலகத்துக்கு அலைந்தேன். முதல் டிவிடெண்டு வந்ததும் அக்காவுக்கு ஞாபகம் வந்தது உங்கள் முதுகு. என்னை நினைத்து ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை. நான் எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை என்று வித்யாவிடம் சொன்னேன். "அப்பறம் எதுக்கு மூஞ்சி இப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

சின்ன வயதில் அக்கா எனக்குத்தான் முதல் தோசை வைப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அது மாறும் என்று தெரியும். மாறிய பிறகும் தெரிந்துகொண்டே இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டி வைப்பதற்காக நான் கண்ணைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

அழகுராஜா

•

தோட்டம்
16 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ராஜாவுக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. நீயும் வித்யாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம். உன் மச்சான் அரைக்கிலோ ஏலக்காய் கொடுத்துவிடச் சொன்னார். எட்டு எம்.எம். பருமன் உள்ள முதல் தரக் காய், விற்பனைக்கு வைத்திருந்ததில் இருந்து அவரே பொறுக்கி எடுத்தது. அவர் வாய்தான் நீளம், மனசு தங்கம். அவரைப் பற்றி நீ தப்பாக நினைக்கக் கூடாது.

இரண்டாவது டிவிடெண்டு வந்துவிட்டது. இரண்டாயிரத்து எழுநூறுதான் என்று அவர் நக்கல் அடித்தார். எனக்கு அது சின்னத் தொகை இல்லை ராஜா. கல்யாணம் ஆன நாளில் இருந்து ஒரு ஜாக்கெட் துணி வாங்கவும் அவர் கையைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறேன். அவர் கேட்டதற்கு மேலேயே கொடுப்பார், இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இருந்தாலும் கேட்க வேண்டும் இல்லையா? இப்போது கேட்காமல் வருகிறது. இது ஒன்று மட்டும் எனக்கென்று இருக்கட்டும். இதற்கு ஒரு பங்கமும் வராமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீ கடிதத்தில் தோசை பற்றி எழுதியதை அவர் படித்துக் காட்டினார். அடுத்த முறை வருகிறபோது உனக்குச் சட்டைத் துணி எடுத்து வருகிறேன், போதுமா?

வித்யாவுக்கு முழங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துவிடு. நீயே தேய்.

அக்கா அன்னக்கொடி

•

போடிமெட்டுத் தோட்டம்
22 ஜூன் 2025

அன்பு மாப்ளேக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிப்பைச் சுருக்கமாக முடிக்கிறேன். நாங்கள் நலம், நீங்களும் அப்படியே இருங்கள். சேதி பெரிது.

ஏல மையத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் வியாபாரி பாண்டித்துரை போனில் ஒன்றைக் காட்டினான். பொன்கவசம் பொதுக் காப்பீடு என்று ஒரு கம்பெனி. வண்டிக்கும் கடைக்கும் பாலிசி போடுகிறவர்கள். பங்கு விலை இருநூறு ரூபாய். டிவிடெண்டு எவ்வளவு தெரியுமா? இருபத்திரண்டு ரூபாய்! ஆகஸ்டில் கைக்கு வரும். நூற்றுக்குப் பதினொன்று மாப்ளே! உன் ஒன்றரையை வைத்துக்கொண்டு நீ போட்ட ஆட்டம் என்ன, அளந்த கதை என்ன! பத்து ஆண்டறிக்கை படித்தாயாம், கண்ணாடி மாற்றினாயாம். ஏலச் சீட்டைத் தவிர வேறு எதையும் படிக்காத நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

அன்னக்கொடியிடம் சொன்னேன். முதலில் அவள் நம்பவில்லை. "என் தம்பிக்குத் தெரியாததா?" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தம்பிக்குத் தெரியாதது இருக்கிறது என்று அவளுக்குக் காட்டாமல் விடுவதாக இல்லை. தென்முனையை விற்று எல்லாவற்றையும் இதில் மாற்றப் போகிறேன். அடுத்த முறை வளைவில் அவள் போன் சத்தம் போடும்போது, "எங்க வீட்டுக்காரர் போட்ட பணம்" என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் போதும் எனக்கு.

வித்யாவை விசாரித்ததாகச் சொல்.

தவசி

•

தோட்டம்
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். நீங்களும் நலமாக இருக்கப் பழனியாண்டவரை வேண்டுகிறேன்.

இரண்டு வாரமாக உன் மச்சான் பொன்கவசம், பொன்கவசம் என்று மந்திரம் போலச் சொல்கிறார். நீ அவருக்குப் பதிலும் போடவில்லை. கோபமா, வேலையா தெரியவில்லை. வியாழக்கிழமை ஏலத்துக்கு இறங்கும்போது என்னையும் கூட்டிப்போய், கார்த்தி அலுவலகத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். வேண்டாம் என்று நான் சொன்னால், "உனக்கு உன் தம்பிதான் பெரிசு" என்று ஆரம்பித்துவிடுவார். சரி என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

உனக்கு இதெல்லாம் தெரியும். மாற்றலாமா, கூடாதா? ஒரு வரி எழுதினால் போதும். நீ கூடாது என்று எழுதினால் அவரிடம் சண்டை போட்டாவது நிறுத்திவிடுவேன். புதன் சாயங்கால ஜீப்பில் பதில் வர வேண்டும். வராவிட்டால் உனக்கும் சம்மதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

ஜீப் நாளைக்கு ஒர்க்ஷாப்பில் நிற்குமாம். செவ்வாய்க்கிழமை வெரசாக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி மலைச்சாமியிடம் கொடுக்கிறேன்.

அன்னக்கொடி

•

போடிமெட்டுத் தோட்டம்
11 ஜூலை 2025

அன்பு மாப்ளேக்கு,

நலம், நலமறிய ஆவல். காரியம் முடிந்தது!

உன் அக்கா புதன்கிழமை ராத்திரி வரைக்கும் ஜீப் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "பதில் இல்ல" என்று மட்டும் வாசலில் சொல்லிவிட்டு மலைச்சாமி வண்டியைத் திருப்பிவிட்டான். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வாயடைத்துப் போய்விட்டாய் என்று நான் சொன்னேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

என் அதிர்ஷ்டத்தைக் கேள். செவ்வாய்க்கிழமை இருநூறு ரூபாய்க்கு விற்ற பொன்கவசம், வியாழக்கிழமை நாங்கள் போனபோது நூற்றெண்பது! இருபது ரூபாய் மலிவு. யாரோ விவரமில்லாதவர்கள் பயந்து விற்றிருக்கிறார்கள். தென்முனை ஆயிரம் பங்கும் தொள்ளாயிரம் ரூபாய் விலைக்குப் போனது. வந்த ஒன்பது லட்சத்துக்கு ஐயாயிரம் பங்கு வாங்கினோம். கார்த்தி பையன், "அண்ணே, ரெக்கார்டு தேதி..." என்று ஏதோ இழுத்தான். வாங்கச் சொன்னால் வாங்குடா என்றேன். எங்கள் மலையில் தோட்டம் கைமாறினால் செடியில் தொங்கும் காய் யாருக்கு? வாங்கினவனுக்கு. விற்றவன் அதற்கு மேல் ஒரு காயைத் தொட மாட்டான். இருபத்திரண்டு ரூபாய் இன்னும் செடியில்தான் தொங்குகிறது, பறிக்கப் போவது நான்.

ஆகஸ்டில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மாப்ளே. உன் பன்னிரண்டாயிரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார். சட்டைத் துணிதானே கேட்டாய்? உனக்கு ஒரு முழு பீஸ் துணியே வாங்கித் தருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஒரு வருஷம் நீ சிரித்தாய், ஒரு வருஷம் நான் சிரித்துக்கொள்கிறேன்.

தவசி

•

போடி
21 ஜூலை 2025

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நாங்கள் சௌக்கியம். வித்யாவின் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்காக மதுரை போயிருந்தேன். அக்காவின் கடிதம் நான் ஊர் திரும்பிய பிறகுதான், வெள்ளிக்கிழமை கையில் கிடைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வருத்தம்தான்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறேன். டிவிடெண்டு அறிவித்தால், ஒரு குறிப்பிட்ட நாளில் யார் பேரில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் அது சேரும். பொன்கவசத்துக்கு அந்த நாள் ஜூலை ஒன்பது, புதன்கிழமை. செவ்வாய்க்கிழமைக்குள் வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் வாங்கியது வியாழக்கிழமை. இருபத்திரண்டு ரூபாயும் பழைய பங்குதாரருக்கே போகும். விலை இருபது ரூபாய் இறங்கியதும் அதனால்தான். காயைப் பறித்துக்கொண்ட பிறகு செடியை உங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

இன்னொன்று. இருபத்திரண்டில் பதினெட்டு ரூபாய் சிறப்பு டிவிடெண்டு. கம்பெனி தன் தலைமை அலுவலகக் கட்டடத்தை விற்ற பணம் அது. ஒரே ஒரு முறைதான் வரும். அடுத்த வருஷம் நாலு ரூபாய் கொடுத்தால் அதிகம். விலையோடு வகுத்துப் பார்த்தால் சதவீதம் பெரிதாகத் தெரிவது இப்படித்தான்.

தென்முனைக்கு அந்த நாள் ஜூலை பதினெட்டு. இந்த வருஷம் பங்குக்குப் பதினோரு ரூபாய் அறிவித்திருக்கிறார்கள். ஒரு வாரம் பொறுத்து விற்றிருந்தால் அதுவாவது அக்காவுக்குக் கிடைத்திருக்கும்.

நான் சொல்லவில்லையே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கண்டுபிடித்ததாகத்தான் எழுதியிருந்தீர்கள்.

அக்காவுக்கு ஆறுதல் சொல்லவும். இருமல் மருந்தைத் தவறாமல் குடியுங்கள்.

அழகுராஜா

•

தோட்டம்
14 செப்டம்பர் 2025

தம்பி அழகுராஜாவுக்கு,

அன்னக்கொடி எழுதுவது. நலம்.

உன் கடிதத்தை அவர் மூன்று தடவை படித்தார். அதன் பிறகும் அவருக்கு நம்பிக்கை விடவில்லை. ஆகஸ்டு முழுக்கத் தினமும் வளைவுக்குப் போய், போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். செய்தி வரவில்லை. மாசக் கடைசியில் கம்பெனிக்கு வெள்ள நஷ்ட ஈடு அதிகம் என்று சேதி வந்து, விலை நூற்றைம்பதுக்கு இறங்கியது. வீட்டுக்குள் வராமல் காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே படுத்துக்கொண்டார். சாப்பாட்டை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

போன வாரம் மலைச்சாமியிடம், "அன்னைக்கு என் காயிதத்த வெரசாக் குடுத்திருந்தா இப்படி ஆயிருக்காதுல்லடா" என்று சும்மா அங்கலாய்த்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"செவ்வாக்கெழம காலையில ஒம்பது மணிக்கெல்லாம் குடுத்துட்டேன் சேச்சி. பஸ்டாண்டு டீக்கடை பெஞ்சுல உக்காந்து அண்ணன் முழுசாப் படிச்சாரு. பதிலு இருக்கான்னு நின்னு கேட்டேன். 'இல்ல, நீ போ'ன்னாரு. மறுநாளும் போயிக் கேட்டேன். அதே பதிலுதான்."

நீ மதுரைக்குப் போகவில்லை ராஜா. டீக்கடையில் இருந்தாய்.

ஒரு வரிதான் கேட்டிருந்தேன். கூடாது என்று ஒரு வார்த்தை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர் மூக்கறுபட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். பணம் யாருடையது என்பது அந்த நேரத்தில் உனக்கு மறந்துபோயிற்று. அவர் தெரியாமல் கெடுத்தார். நீ தெரிந்து விட்டுவிட்டாய்.

நான் தனியாகப் போடிக்கு இறங்கினேன். உன் வீட்டுக்கு வரவில்லை. கார்த்தியிடம் உட்கார்ந்து பொன்கவசத்தை எல்லாம் விற்றுத் திரும்பத் தென்முனை வாங்கினேன். அது இதற்குள் தொள்ளாயிரத்து இருபது ஆகியிருந்தது. ஆயிரம் பங்கு இருந்த இடத்தில் இப்போது எண்ணூற்றுச் சொச்சம். கணக்கில் கொடுத்திருந்த உன் போன் நம்பரையும் அவர் நம்பரையும் எடுத்துவிட்டேன். இனி எதுவானாலும் என் போனுக்கு மட்டும் வரும். விற்கிறதும் வாங்குகிறதும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மலைச்சாமி சொன்னதை உன் மச்சானிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மலைச்சாமியிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. தெரிந்தால் அவர் சந்தோஷப்படுவார். இந்தப் பணத்தால் உங்கள் இரண்டு பேரில் யாரும் இனிமேல் சந்தோஷப்பட வேண்டாம்.

வித்யாவை நான் கேட்டதாகச் சொல்.

அன்னக்கொடி

•

போடிமெட்டுத் தோட்டம்
12 அக்டோபர் 2025

அன்பு மாப்ளே அழகுராஜாவுக்கு,

மச்சான் தவசி. மூன்று மாசமாக உன் கடிதத்தைக் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா? வித்யா நன்றாக இருக்கிறாளா? நாங்கள் இருக்கிறோம். உன் அக்கா என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை திரும்பி வருகிறது, அதுவே பெரிசு.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்து உன் மேல் ஆத்திரப்பட்டேன். காயைப் பறித்துக்கொண்டு செடியை விற்றார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது கையில் கிடைத்திருந்தால் உன்னை அடித்திருப்பேன். இப்போது ஆறிவிட்டது. யோசித்துப் பார்த்தால், எழுதினது அத்தனையும் உண்மை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ பெரிய ஆளாகிவிடுவாய் என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்கவில்லை. உன் மேல் எனக்குப் பொறாமை மாப்ளே. அது முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். குறைந்திருக்கிறது.

நேரம் பார், என் கெட்ட காலம், அந்த வாரம் பார்த்துத்தானா நீ மதுரைக்குப் போக வேண்டும்? நீ ஊரில் மட்டும் இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே ஓடி வந்து என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாய். நேற்று சாப்பிடும்போது உன் அக்காவிடம் இதைச் சொன்னேன். என்ன இருந்தாலும் அவன் உன் ரத்தம், உன் காசு அழியப் பார்த்துக்கொண்டிருப்பானா என்றேன். அவள் குழம்பை ஊற்றினாள். உன்னைப் பற்றி இந்த மூன்று மாசத்தில் ஒரு குறை அவள் வாயில் இருந்து வரவில்லை. அதையும் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த எடுப்பில் காய்க்கு நல்ல விலை. கையில் நாலு லட்சம் நிற்கிறது. அவள் இழந்ததை நான் திருப்பி வைக்க வேண்டும். வைத்தால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியும். எனக்கு இனி என் புத்தியில் நம்பிக்கை இல்லை. பணத்தை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். ஒன்றரை கிடைத்தாலும் சரி, ஒன்று கிடைத்தாலும் சரி, நீயே பார்த்து அவள் பேரில் போட்டுவிடு. உன்னைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யார் இருக்கிறார்கள்?

தீபாவளிக்கு இரண்டு பேரும் கட்டாயம் மேலே வாருங்கள். நான் வந்து கூப்பிட வேண்டும் என்றால் அடுத்த ஏலத்தன்று உன் வீட்டுக்கே வருகிறேன்.

உன் அக்கா பக்கத்தில்தான் காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். தம்பிக்கு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன்.

"நலம்னு மட்டும் போடுங்க" என்றாள்.

தவசி